பால் சட்டி எந்தப் பெட்டியில்? வீடு மாறுகிறவர்கள் கேட்டவை

ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் எங்கள் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையில் ரோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அலமாரி, சுருட்டிய மெத்தை, அதன் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றுக்கும் மேலே சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையன் என்று ஏதாவது ஒரு லோரி போய்க்கொண்டே இருக்கும். தோட்டத்திலிருந்து தாமானுக்கு (டவுன் குடியிருப்புக்கு), தாமானிலிருந்து கிள்ளானுக்கு. இந்த முறை வந்த கடிதங்களிலும் அதே வாடைதான், அதனால் சமையல், தோட்டக்கலை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு வீடு மாறுகிறவர்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு வருகிற மார்ச்சில் 60 வயது. தோட்டத்து லயத்து வீட்டை (தோட்டம் கொடுத்த வரிசை வீட்டை) அதற்கப்புறம் மூன்று மாதத்தில் திருப்பிக் கொடுக்கணும். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து 29 வருடம் இந்த ஒரே வீடுதான். டவுனில் லோ-காஸ்ட் வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிக்கிறது என்றே புரியவில்லை, பெட்டிகளைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.
— சுங்கை சிப்புட் தோட்ட வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் பெட்டியைத் தேடாதீர்கள், தாளைத் தேடுங்கள். தோட்டத்தில் விளக்கும் தண்ணீரும் பெரும்பாலும் ஆபீஸ் வழியாகத்தான் வரும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அதனால் 29 வருடம் குடியிருந்தும் உங்கள் பேரில் ஒரு பில் கூட இருக்காது. டவுனுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் "பில் கொண்டு வாங்க" என்பார்கள். பேங்கில் கேட்பார்கள், பள்ளியில் கேட்பார்கள், ஆஸ்ட்ரோ டிவி போட வருகிறவன் கூட கேட்பான். ஆகவே புது வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றைக்கே மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், எண் தெளிவாகத் தெரியணும். பழைய சொந்தக்காரர் கணக்கை மூடினாரா, பாக்கி ஏதும் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு, தெனாகாவிலும் பேராக் தண்ணீர் வாரியத்திலும் உங்கள் பேரில் கணக்குத் திறந்துவிடுங்கள். டெப்பாசிட் கேட்பார்கள், பயப்படாதீர்கள், பிற்காலத்தில் கணக்கை மூடினால் அந்தக் காசு திரும்ப வரும். ரசீதை மட்டும் பத்திரம்.

அந்த முதல் பில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போய் மைகார்டில் (அடையாள அட்டையில்) முகவரியை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும்: பேங்க், ஈபிஎப் சேமநிதி, சொக்சோ தொழிலாளர் காப்பு, வண்டி காப்புறுதி. ஒன்று நிறைய பேருக்குத் தெரிவதில்லை. மைகார்டில் முகவரி மாறினால் ஓட்டுப் போடும் இடமும் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறார்கள், மாறாது. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் பேர் தானாகப் பதிவாகிறது, சரி, ஆனால் தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் நாம்தான் தனியாக விண்ணப்பிக்கணும். டவுனும் தோட்டமும் ஒரே தொகுதியில் இருந்தாலும் வாக்குச்சாவடி வேறாக இருக்கும்.

கடிதம் விஷயம். தோட்டத்தில் கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை, ஆபீசில் கிராணியின் (குமாஸ்தாவின்) மேசை ஓரத்தில் கட்டாகக் கிடக்கும், யாராவது பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து எடுத்து வருவார்கள். நீங்கள் போன பிறகும் ஆறு மாதத்துக்காவது உங்கள் பேருக்கு அங்கே கடிதம் வந்துகொண்டுதான் இருக்கும். கிராணியிடம் புது முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார். மாதம் ஒரு முறை கோவிலுக்குப் போகிற சாக்கில் ஆபீசையும் எட்டிப் பாருங்கள்.

அடுத்தது தகரப் பெட்டி. எல்லா லயத்து வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒன்று இருக்கும். அதை லோரி வருகிற அன்று அவசரத்தில் கொட்டாதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பாருங்கள். என் மாமியார் பெட்டியில் ரேஷன் சீட்டு மாதிரி மடிந்து நைந்துபோன ஒரு பிறப்புப் பத்திரம் இருந்தது, பிள்ளைகள் "பழைய குப்பை" என்று தனியாக ஒதுக்கிவிட்டார்கள். நான் பிரித்துப் பார்த்தேன், மாமனாருடைய அக்காவின் பத்திரம். அந்த அத்தை கடைசிவரை குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர், அவருடைய பேரப்பிள்ளை ஒருவனுக்குப் பத்திரச் சிக்கல் வந்தபோது அந்தத் தாளைத்தான் எல்லோரும் தேடினார்கள். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, பழைய அடையாள அட்டை, தோட்டத்தில் வேலை செய்ததைக் காட்டுகிற எந்தச் சீட்டும், யாருடையதாக இருந்தாலும் சரி, தூக்கிப் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு லோரியில் ஏற்றாமல் உங்கள் கைப்பையிலேயே கொண்டு போங்கள்.

இப்போது வீடு. லயத்து வீடு உள்ளே சின்னதாக இருந்தாலும் நாம் உண்மையில் புழங்கியது வெளியேதான். பின்னால் இழுத்துக் கட்டிய குசினி, கோழிக்கூடு, விறகு, மழைத்தண்ணீர் பிடிக்கிற டிரம், என்றைக்காவது உதவும் என்று வைத்த தகரம். டவுன் வீட்டில் இந்த "வெளியே" கிடையாது, வாசலில் மோட்டாரை நிறுத்தினால் முடிந்தது. ஆகவே உள்ளே இருக்கிற சாமானைப் பற்றிக் கவலைப்படுவதைவிட வெளியே இருப்பதை முதலில் பாருங்கள், அதில் முக்கால்வாசி உங்களோடு வராது. பழைய இரும்பு வாங்குகிறவரை ஒரு மாதம் முன்பே கூப்பிடுங்கள், கடைசி நாளில் கூப்பிட்டால் அவர் சொன்னதுதான் விலை. இழுத்துக் கட்டிய குசினியின் பலகையும் தகரமும் உங்கள் காசில் வாங்கியதாக இருந்தாலும் ஆபீசில் கேட்காமல் பிரிக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போகச் சொல்லிவிடுவார்கள், கேட்காமல் பிரித்தால்தான் பேச்சு வரும்.

அலமாரியின் காலைத் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான். அதைப் புது வீட்டுக்குக் கொண்டுபோனால் கரையானையும் சேர்த்துக் குடி வைத்த மாதிரி. நல்ல அலமாரியாக இருந்தால் ஒரு கயிற்றில் அதன் உயரம் அகலம் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு, புது வீட்டு அறைக் கதவில் பிடித்துப் பாருங்கள். டேப் தேட வேண்டியதில்லை, முடிச்சு பொய் சொல்லாது. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தேக்கு அலமாரி அறைக்குள் நுழையாமல் இன்றைக்கும் ஹாலில்தான் நிற்கிறது, டிவி அதற்குப் பின்னால்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று காலி வீட்டை அறை அறையாகப் படம் எடுத்து, பாக்கி ஏதும் இல்லை, சாவி பெற்றுக்கொண்டோம் என்று ஆபீசில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டுக்காரரின் கடைசிச் சம்பளம், எடுக்காத லீவு, பணிக்கொடை கணக்கெல்லாம் அதே சமயத்தில்தான் முடியும். அதில் ஏதாவது புரியாவிட்டால் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளரைக் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். இத்தனை வருடம் சந்தா கட்டியது இதற்கும்தான்.

பெட்டி? மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பித்தால் போதும்.

கேள்வி: வணக்கம் அக்கா. வேலை மாற்றலாகி குடும்பத்தோடு பூச்சோங் போகிறேன். ஒரு டன் லோரி எடுப்பதா, மூன்று டன்னா? ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள், எதை நம்புவது?
— ஈப்போ ரோடு வாசகர்

பதில்: தம்பி, விலையைக் கேட்கிறதற்கு முன்னால் நீங்கள் சொல்கிற விவரம் சரியாக இருக்கணும். "கொஞ்சம் சாமான்தான் அண்ணே" என்று சொன்னால் அவரும் கொஞ்சம் லோரிதான் கொண்டு வருவார். நானே பட்டவள். ஈப்போவிலிருந்து இங்கே மாறியபோது ஃபோனிலேயே பேசி முடித்தேன், மூன்று டன் என்று சொன்ன மனுஷர் காலையில் ஒரு டன்னோடு வந்து நின்றார், பெரிய லோரி பழுதாம். இரண்டு நடை அடித்ததில் பொழுது போய் மூன்று மணிக்குப் பிடித்தது மழை. மேலே போர்த்துகிற கேன்வாஸ் இருந்தது, ஆனால் நடுவில் ஒரு கிழிசல், சரியாக அதற்கு அடியில் எங்கள் மெத்தை. அதை வெயிலில் நான்கு நாள் காயவைத்தும் வாடை போகாமல் கடைசியில் தூக்கிப் போட்டோம்.

நம் பக்கத்தில் ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர் மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஏற்ற ஆரம்பித்து, இறக்குவதை இரண்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள்.

எந்த லோரி என்றால், ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் மெஷின், இரண்டு கட்டில், சோபா, அலமாரி எல்லாம் இருக்கிற குடும்பத்துக்கு மூன்று டன்தான். ஒரு டன் லோரி தனி ஆளுக்கும் புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கும் சரி. வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து வீடியோ எடுத்து மூன்று பேருக்கு அனுப்புங்கள், பின்கட்டையும் விடாமல். கூடவே இதையும் கேளுங்கள்: எத்தனை ஆள் வருவார்கள், டோல் யார் கணக்கு, பூச்சோங்கில் மாடி வீடா, லிஃப்ட் இருந்தால் அதை முன்கூட்டியே பதிய வேண்டுமா, கட்டிலைப் பிரித்து அங்கே திரும்பப் பூட்டிக் கொடுப்பார்களா, பழுதானால் வேறு லோரி வருமா. மாடிக் கட்டடங்களில் நிர்வாக ஆபீஸ் சாமான் ஏற்றுவதற்கு நாளும் நேரமும் குறித்து வைத்திருக்கும், ஞாயிறு பல இடத்தில் விடமாட்டார்கள். பதிலையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். ஆகக் குறைந்த விலை சொன்னவரை நான் எடுக்கமாட்டேன், நிறையக் கேள்வி கேட்டவரைத்தான் எடுப்பேன்.

ஐஸ்பெட்டியை முதல் நாள் ராத்திரியே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்து ஐஸ் உருகவிடுங்கள். லோரியில் நிமிர்த்தியே வைக்கச் சொல்லுங்கள், படுக்க வைத்தால் கம்ப்ரெசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். அப்படிப் படுக்க வைத்தே ஆகணும் என்றால் புது வீட்டில் நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா விட்டுத்தான் சுவிட்சைப் போடணும். முன்பக்கக் கதவுள்ள துணி மெஷினாக இருந்தால் வாங்கும்போது பின்னால் சில போல்ட் பூட்டியிருந்தார்களே, அதைத் தேடி எடுத்துத் திரும்பப் பூட்டுங்கள், இல்லையென்றால் ஆட்டத்தில் டிரம் கெட்டுவிடும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் தூக்குகிறவர் முதுகு போய்விடும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக அடுக்குங்கள், பழைய பேப்பரைச் சுற்றி. (தமிழ் நேசன் பத்திரிகை 2019-இல் நின்றபோது சேர்த்து வைத்த கட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது, தட்டு சுற்ற மனசு வராமல் அதையும் ஒரு பெட்டியாகவே ஏற்றினேன். வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.)

அப்புறம் ஒரு பெட்டி. அதில் பால் காய்ச்சுகிற சட்டி, தீப்பெட்டி, கேஸ் ரெகுலேட்டர், கத்தி, நான்கு குவளை, மைலோ, மருந்து, சார்ஜர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு பல்பு, துண்டு, சோப்பு. மேலே சிவப்பு மையில் எழுதி, லோரியில் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள், கடைசியில் ஏறினால்தான் முதலில் இறங்கும். அந்த மழை நாளில் என் சட்டி எந்தப் பெட்டியில் போனதென்று தெரியாமல், புது வீட்டில் பால் காய்ச்சப் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம்தான் பாத்திரம் வாங்கினேன். அவர் பளபளவென்று புதுச் சட்டி ஒன்றை அட்டையோடு எடுத்து வந்து, நீயே வைத்துக்கொள் என்றார். அதில்தான் இன்றைக்கும் பால் பொங்குகிறது, ஆனால் எல்லோருக்கும் அப்படி மக்சிக் வாய்க்கமாட்டார்.

கேள்வி: மகனுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. மாமியார் ராகு காலம் பார்க்கணும், மார்கழியில் வீடு மாறக் கூடாது என்கிறார். பள்ளி விடுமுறையோ டிசம்பரில்தான். என்ன செய்வது அக்கா?
— கோலகங்சார் வாசகி

பதில்: பள்ளித் தவணை 2026 முதல் மறுபடி ஜனவரியில் தொடங்குவதால் இந்தச் சிக்கல் நிறைய வீட்டில் வந்திருக்கிறது. ஆண்டிறுதி விடுமுறையும் மார்கழியும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வருகின்றன. வழி பழையதுதான்: டிசம்பர் பாதிக்கு முன், கார்த்திகையிலேயே ஒரு நல்ல நாளில் சாமி படம், உப்பு, அரிசி, ஒரு குடம் தண்ணீரோடு போய்ப் பாலைக் காய்ச்சி விளக்கேற்றிவிட்டு வாருங்கள். குடி புகுந்தாயிற்று. சாமானை விடுமுறையில் நிதானமாக ஏற்றலாம், அதற்கு மாமியார் ஒன்றும் சொல்லமாட்டார். சொன்னால் கோவில் ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், நம்மைவிட அவர் சொன்னால் எடுபடும்.

ராகு காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, அது காலை 6 மணிக்குச் சூரியன் எழுந்து மாலை 6 மணிக்கு விழும் கணக்கு. பகலை எட்டாகப் பிரித்து ஞாயிற்றுக்குக் கடைசிப் பங்கு. நம் ஊரில் சூரியன் எழுவதே ஏழு மணிக்கு மேல், மாலையிலும் ஏழைத் தாண்டித்தான் இருட்டுகிறது. அதுவும் 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். இங்கே 7.15-க்கு விடிந்து 7.15-க்கு மறைகிற நாளில் ஞாயிறு ராகு காலம் 5.45-க்குத்தான் ஆரம்பிக்கிறது, சனிக்கிழமை 10.15-க்கு. ஊர் நேரத்துக்குக் கணித்த நாள்காட்டியைப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் ஞாயிறு காலை முழுக்கக் காலியாகத்தான் இருக்கிறது, மகனைக் காலை ஏழரைக்கு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பையன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, மகள் ஐந்தாம் படிவம். ஆண்டு நடுவில் மாறலாமா?
— தோட்டத் தந்தை

பதில்: ஐயா, பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். யூபிஎஸ்ஆர் பரீட்சை 2021-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து ஆறாம் ஆண்டுக்கு முந்தைய பயம் இல்லை. இப்போதைய பள்ளி ஆபீசில் மாற்றல் கேட்டு, பிறப்புப் பத்திர நகல், உங்கள் மைகார்டு நகல், புது முகவரிக்கான பில் அல்லது வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கொடுங்கள். அதற்கு முன்னால் புது இடத்துத் தமிழ்ப்பள்ளிக்கு நேரில் ஒரு நடை போய் இடம் இருக்கிறதா, பஸ் உங்கள் தாமானுக்கு வருமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் வகுப்பு நிறைந்திருக்கும், தோட்டப் பள்ளிகளிலோ ஒரு பிள்ளை வந்தாலே கொண்டாடுவார்கள். பஸ் கிடைக்காமல்தான் நிறைய பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகிறார்கள், வீடு பார்க்கும்போதே அதையும் பார்த்திருக்கலாம் என்று பிறகு வருத்தப்படுகிறார்கள்.

மகளை எஸ்பிஎம் பரீட்சை எழுதுகிற ஆண்டில் அசைக்காதீர்கள். பேர் பதிந்த பள்ளி, பழகிய ஆசிரியர், பாடத் தேர்வு எல்லாம் அங்கேதான். பரீட்சை முடிகிறவரை உறவுக்காரர் வீட்டில் விட முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் நீங்கள் ஒருவர் பின்னால் தங்கிக்கொண்டு மற்றவர்கள் முன்னால் போகலாம். என் அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். எட்டு மாதம் இரண்டு அடுப்பு எரிந்தது, செலவுதான், ஆனால் பெண் நிம்மதியாகப் பரீட்சை எழுதினாள்.

கேள்வி: கல்யாணம் முடிந்து ஷா ஆலமில் 900 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். வீட்டுச் சொந்தக்காரர் முதலிலேயே 3,150 வெள்ளி கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? ஈபிஎப்பில் எடுத்துக் கட்டலாமா?
— புதுத் தம்பதி

பதில்: ஏமாற்றவில்லை, ஊர் வழக்கம்தான். இரண்டு மாத வாடகை முன்பணம் 1,800, விளக்கு தண்ணீருக்கு அரை மாதம் 450, முதல் மாத வாடகை 900. கூட்டிப் பாருங்கள். ஆனால் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். வீட்டையும் வீட்டுச் சொந்தக்காரரின் அடையாள அட்டையையும் பார்க்காமல் "புக்கிங்" என்று யாராவது பணம் அனுப்பச் சொன்னால் அதோடு பேச்சை நிறுத்துங்கள். கையெழுத்தான 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டணும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் ஒரு வெள்ளி, உங்களுக்கு 44 வெள்ளி வரும். ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டுவரை என்றால் அது மூன்று மடங்கு. முத்திரை இல்லாத தாளைப் பின்னால் வழக்கு என்று வந்தால் காட்ட முடியாது.

குடி போகிற அன்று சுவரில் இருக்கிற விரிசல், ஒழுகுகிற குழாய், கீறல் விழுந்த தரை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுச் சொந்தக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த 1,800-ஐத் திரும்ப வாங்குவதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

ஈபிஎப்பில் 2024 மே மாதத்திலிருந்து ஃபிளெக்சிபல் கணக்கு ஒன்று வந்திருக்கிறது, சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேரும், 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கலாம்தான், நான் எடுக்கமாட்டேன். முன்பணம் திரும்ப வரும்போது யாரும் அதை ஈபிஎப்பில் மறுபடி போடுவதில்லை, சோபாதான் வாங்குவோம். கல்யாண மொய்யில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: லயத்து வீட்டுக்குப் பின்னால் எங்கள் தாத்தா நட்ட சூலம் இருக்கிறது, முனீஸ்வரருக்கு வருடா வருடம் படையல் போடுவோம். கிள்ளானில் மாடி வீட்டுக்குப் போகிறோம். எடுத்துப் போகலாமா, விட்டுப் போகலாமா? அம்மாவும் எங்களோடு வருகிறார், இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுகிறவர்.
— பெயர் வேண்டாம்

பதில்: முதல் கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை, தோட்டத்துக் கோவில் பூசாரியைக் கேட்டுத்தான் முடிவு செய்யணும். பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் ஒரு படையல் போட்டு உத்தரவு கேட்டு, சூலத்தைத் தோட்டத்துக் கோவிலிலேயே ஒப்படைத்துவிட்டு, அந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து புது வீட்டுச் சாமி மேடையில் வைக்கிறார்கள். மாடி வீட்டில் சூலம் நட இடம் ஏது. செய்யக்கூடாதது ஒன்றுதான், யாரிடமும் சொல்லாமல் அப்படியே விட்டுப் போவது. நாளைக்குத் தோட்டம் கைமாறி, செம்பனை நட டிராக்டர் வந்தால் அதை ஓட்டுகிறவனுக்கு அது வெறும் கம்பி.

அம்மாவின் மருந்து சுலபம். இப்போது பார்க்கிற அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில், மிச்ச மாத மருந்தைக் கிள்ளான் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ள எஸ்பியூபி முறையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். டாக்டரிடம் பரிந்துரைக் கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தும் அந்தச் சின்ன சிகிச்சைப் புத்தகமும் லோரியில் ஏறக்கூடாது. அம்மாவுக்கு மாடி வீட்டில் வாசலில் உட்கார்ந்து பேச ஆள் இருக்காது, அதுதான் எனக்குக் கவலை. பக்கத்தில் எந்தக் கோவில், எத்தனை மணிக்குப் பஜனை என்று போன முதல் வாரமே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: அக்கா, என் கறிவேப்பிலை மரத்தை எப்படிக் கொண்டு போவது?
— பீடோர் வாசகி

பதில்: மரத்தை விட்டுவிடுங்கள், அடுத்து வருகிறவர்கள் ரசம் வைக்கட்டும். அடியில் வேரிலிருந்து முளைத்த சின்னக் கன்றுகள் இருக்கும், அதில் முழங்கை உயரத்தில் மூன்றை எடுங்கள், ஒன்று கட்டாயம் போய்விடும். மாறுவதற்கு ஒரு மாதம் முன்பே, தாய் வேரோடு ஒட்டுகிற இடத்தை மண்வெட்டியால் வெட்டிவிட்டு, கன்றை அங்கேயே விடுங்கள். அது தன் வேரை விடட்டும். இரண்டு வாரம் கழித்து மண்ணோடு பெயர்த்துப் பெயிண்ட் டின்னில் வைத்து, டின்னுக்கு அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, நிழலில் வையுங்கள். லோரியில் ஏற்றாதீர்கள், காற்றில் இலையெல்லாம் கருகிவிடும். காரில் காலடியில் வைத்து, போகிற நாள் காலையில் தண்ணீர் ஊற்றாமல் முதல் நாள் மாலையே ஊற்றுங்கள், இல்லையென்றால் கார் பாய் முழுக்கச் சேறு.